தங்கச்சி, எந்தக் கதிரை என்று மகளிடம் கேளுங்கள்

போன கிழமை நீங்கள் உரும்பிராயிலிருந்து வந்து ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போனதில் இரண்டு வசனங்கள் இன்னும் காதில் நிற்கின்றன. ஒன்று உங்களுடையது: "தோட்டத்துக்குள்ள நாங்கள் கிடந்தது காணாதே, இவளும் மண்வெட்டி பிடிக்கவோ படிக்கிறாள்?" மற்றது, நிலத்தைப் பார்த்தபடி மகள் சொன்னது: "யூரியாவை நிப்பாட்டினவை இருக்கிற இடத்தில நான் போய் இருக்கவேணும்."

சாதாரண தரம் எழுதிய பிள்ளை இப்படிச் சொன்னால் அதை வெறும் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்தபோது உங்கள் வெங்காயத் தறை என்னவானது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் போன போகம் போனதுதான்.

ஆனால் "அவை இருக்கிற இடம்" ஒன்றல்ல. விவசாய அமைச்சு என்றால் பத்தரமுல்லையில் ஒரு கட்டடம், அதற்குள் ஒரு பெரியவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே போய்ச் சேரும் வழிகள் மூன்று. ஒன்றில் போகிறவருக்கு மற்றதன் படிப்பே தேவைப்படாமலும் போகலாம்.

முதலாவது அமைச்சர் கதிரை. 2024 நவம்பரிலிருந்து கே.டி. லால்காந்த. அவரிடம் விவசாயத்தோடு கால்நடை, காணி, நீர்ப்பாசனமும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு அரசாங்கமும் இந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டும். நம் பனை அதற்குள் இல்லை, தெரியுமா? பனை அபிவிருத்திச் சபை பெருந்தோட்ட அமைச்சின் பக்கம். அமைச்சராகப் பட்டம் எதுவும் வேண்டாம், வாக்கு வேண்டும். அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

இரண்டாவது செயலாளர் கதிரை. அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரைப்படி செயலாளரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சரின் பணிப்புக்கு அமைய, அமைச்சின் கீழுள்ள திணைக்களங்களை மேற்பார்வை செய்வது அவர் வேலை. காசுக்குக் கணக்குச் சொல்வதும் அவர்தான். அமைச்சரவை கலைந்தால் அந்தப் பதவியும் போய்விடும். இந்தக் கதிரைக்குப் பெரும்பாலும் இலங்கை நிர்வாக சேவையிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். கலைப் பட்டதாரியும் எழுதலாம். சேர்ந்தவுடன் உதவிப் பிரதேச செயலாளராக எங்காவது ஒரு மூலையில்தான் தொடக்கம்.

மூன்றாவதுதான் உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. பேராதனையில் இருக்கும் விவசாயத் திணைக்களம், 1912இல் தொடங்கியது. அதன் தலை விவசாயப் பணிப்பாளர் நாயகம். சில ஆண்டுகளுக்கு முன் கலாநிதி பி. மாலதி அந்தக் கதிரையில் இருந்தார். பெண்பிள்ளைக்கு எட்டாத உயரம் என்று யாரும் சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். விதை, பயிர் ஆராய்ச்சி, வெளிநாட்டிலிருந்து பூச்சியும் நோயும் நுழையாமல் காக்கும் தொற்றுத்தடுப்பு எல்லாம் இந்தத் திணைக்களத்தின் கையில். நெல்லுக்குப் பத்தலகொட, வெங்காயம் மிளகாய்க்கு மகாஇலுப்பள்ளம. நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. (தின்னவேலிச் சந்தைக்குத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்?) இலங்கை விவசாய சேவைப் பரீட்சையில் சித்தியடைந்து ஆராய்ச்சி உத்தியோகத்தராகவோ உதவிப் பணிப்பாளராகவோ உள்ளே போக வேண்டும்.

மகளுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 2021 முடிவு மேலிருந்து, ஜனாதிபதியிடமிருந்தும் அமைச்சரவையிடமிருந்தும் வந்தது. விஞ்ஞானிகள் வாய் மூடி இருக்கவில்லை. பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாகவே எதிர்த்தார். அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். மூன்றாவது கதிரைக்கு அறிவு நிறைய உண்டு, கடைசி வார்த்தை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவள்தான் அங்கே நின்றுபிடிப்பாள்.

அதற்காக, பசளையைக் கணக்கில்லாமல் கொட்டியதும் சரியென்று ஆகிவிடாது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கீழே சுண்ணாம்புக்கல், மேலே போட்டது நேரே கிணற்றுக்கு இறங்கும். ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, இப்படியே விடவும் கூடாது என்றால் எவ்வளவு, எப்போது, எந்தப் பயிருக்கு என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் கேட்கும் வேலை அதுதான் தங்கச்சி. மண்வெட்டிக்கும் அதற்கும் தூரம்.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல் இரண்டும் கட்டாயம் எடுக்கட்டும். மூன்றாவதாக விவசாய விஞ்ஞானம் எடுத்தாலும் விவசாய பீடத்துக்குப் போகலாம், ஆனால் மருத்துவக் கதவு அன்றோடு மூடிவிடும். பௌதிகவியல் எடுத்தால் இரண்டும் திறந்தே இருக்கும். பதினாறு வயதில் ஒரு கதவையும் மூட வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் மனமும் கொஞ்சம் ஆறும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது; நான்கு வருடம், ஆங்கில மொழி மூலம். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் வவுனியா விவசாயப் பாடசாலையின் டிப்ளோமா இருக்கிறது. விவசாயப் போதனாசிரியராக வருவதற்கு அது நல்ல வழி.

பட்டம் வாங்கிய மறுநாள் நியமனக் கடிதம் வராது. ஆட்சேர்ப்புப் பரீட்சைக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் விதைக் கம்பனியோ வங்கியின் விவசாயக் கடன் பிரிவோ கிடைத்தால் கூச்சப்படாமல் போகட்டும். சிங்களத்தை இப்போதே தொடங்கட்டும். அரச சேவையில் சேர்ந்தபின் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கேட்பார்கள். அதைவிட, பத்தரமுல்லைக் கூட்டத்தில் வெங்காயச் செய்கையைப் பற்றி யாரோ பிழையாகச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தால் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும்.

வருகிற நாட்களில் ஒரு காலை, மகளைத் தனியாகக் கமநல சேவை நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே இருப்பவர்கள் மத்திய அரசின் ஆட்கள். தோட்டத்துக்கு வந்து இலையைப் புரட்டிப் பார்க்கும் போதனாசிரியர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு வந்த பிரிப்பு இது. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று அவளே கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் கொப்பியோடு அடுத்த முறை வாருங்கள். தகப்பனையும் கூட்டி வாருங்கள். போன முறை அவர் வாசலில் சைக்கிளோடு நின்றுவிட்டுப் போய்விட்டார்.