நடந்தது யார்? மழையா? – ஆங்கிலத் தொடர்கள் குறித்த கேள்வி பதில்

பாலக்கோடு: பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ், ப்ரிபொசிஷன் ஃப்ரேஸ் என்ன வித்தியாசம் சார்?

‘மேங்கோஸ் க்ரோன் இன் கிருஷ்ணகிரி’ – கிருஷ்ணகிரியில் விளைந்த மாம்பழங்கள். ‘க்ரோன்’ நம் பெயரெச்சம் போல. அதிலிருந்து கடைசிவரை பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ். அதற்குள் இருக்கும் ‘இன் கிருஷ்ணகிரி’ ப்ரிபொசிஷன் ஃப்ரேஸ். தமிழில் ‘விளைந்த’ முன்னால் வரும், ‘இல்’ பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் இரண்டுமே தலைகீழ். ஒற்றைச் சொல்லானால் மட்டும் நம்மைப்போல் முன்னால் நிற்கும்: ‘ஃபாலன் மேங்கோஸ்’.

காவேரிப்பட்டணம்: ‘வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், தி ரெயின் ஸ்டார்ட்டட்’. தப்பு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?

நடந்தது யார்? மழையா? காற்புள்ளியை அடுத்து வரும் எழுவாய்தான் ‘வாக்கிங்’ செய்த ஆள். ஒன்று, எழுவாயை மாற்றுங்கள்: ‘ஐ காட் வெட்’. இல்லையென்றால் முன்பாதிக்கு ஓர் எழுவாய் கொடுங்கள்: ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்’. எழுதி முடித்ததும் ‘யார் செய்தது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அரூர்: ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோமே. பெய்தது மழை, நிறைந்தது குளம். தமிழும் தப்பா?

நல்ல மடக்கு. நன்னூல்படி ‘பெய்து’ போன்ற ‘செய்து’ வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலோடுதான், அதாவது அதைச் செய்தவரின் வினையோடுதான், முடியும். வினைமுதல் மாறினால் ‘பெய்ய’ என வர வேண்டும். ஆனாலும் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (ஞாயிறு பட, அதாவது மறைய, வந்தான்) போன்றவற்றை எச்சத்திரிபு, எச்சம் வடிவம் மாறி நிற்பது, என்று இலக்கணமே ஏற்கிறது. முக்கியமானது, உங்கள் வாக்கியத்தில் ‘மழை’ என்று ஆளைச் சொல்லிவிட்டீர்கள். ‘வாக்கிங்’ தொடரில் ஆளே இல்லை, அதனால் தொங்குகிறது. ஆளைச் சொன்னால் ஆங்கிலமும் ஏற்கும்: ‘தி ரெயின்ஸ் ஹேவிங் ஃபெயில்ட், தி வெல்ஸ் ட்ரைட் அப்’. எழுத்துக்குச் சரி; பேச்சில் செயற்கையாக இருக்கும்.

ஊத்தங்கரை: ‘ஹேவிங் ஃபினிஷ்ட் தி எக்ஸாம், தி பஸ் லெஃப்ட்’ சரியா?

பரீட்சை எழுதியது பஸ்ஸா?

ஓசூர்: ‘எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்’, அடுத்து இஸ்ஸா, ஆரா?

இஸ். இங்கே எழுவாய் ‘பாக்ஸ்’; ‘ஆஃப்’புக்குப் பின்னால் இருப்பது அல்ல. தேர்வில் இடையே நீளமாக ஒரு தொடரைச் செருகிக் குழப்புவார்கள். அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்.

பென்னாகரம்: இன், ஆன், அட் எப்போதும் குழப்புது சார்.

மூன்றுக்கும் நம்மிடம் ‘இல்’ ஒன்றே போதும், அதுதான் சிக்கல். எல்லைக்குள் என்றால் ‘இன் தர்மபுரி’. பரப்பு, பாதை என்றால் ‘ஆன் தி சேலம் ரோடு’. இன்ன இடம் என்று புள்ளி வைத்தால் ‘அட் தி பஸ் ஸ்டாண்ட்’.

நல்லம்பள்ளி: டேங்ளிங் என்றால் என்ன சார்?

செய்த ஆள் இல்லாமல் தொங்கும் தொடர். காவேரிப்பட்டணத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பிறகு ஊத்தங்கரை.

அரூர்: கடைசியாக ஒன்று. ‘கன்சிடரிங் தி ஹீட், தி க்ராப் இஸ் குட்’ – இதில் யார் செய்தது?

விடமாட்டீர்களே! ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ எல்லாம் புழங்கிப் புழங்கி ப்ரிபொசிஷனாகவே ஆகிவிட்டவை. ஆள் தேட வேண்டாம். நம் ‘பற்றி’யும் அப்படித்தான். ‘கொடியைப் பற்றி ஏறினான்’ என்றால் வினையெச்சம், ‘கொடியைப் பற்றிப் பேசினான்’ என்றால் சொல்லுருபு, அதாவது வேற்றுமை உருபு போல நிற்கும் சொல்.