ஆலங்கன்றை போன்சாய் தட்டில் நட்டால் எத்தனை வருடத்தில் மரம் மாதிரி ஆகும்?

ஒரு அடி ஆலங்கன்றைத் தட்டையான போன்சாய் தொட்டியில் (மரத்தைக் குட்டையாக வளர்க்கும் ஜப்பானிய முறைக்கான தொட்டி) நட்டு, வீட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொட்டியில் இருக்கும்வரை அது மரம் மாதிரி ஆகாது. துளிர்க்கும், உயிரோடும் இருக்கும். தண்டு மட்டும் பென்சில் பருமனிலேயே நிற்கும்.

தண்டு பருக்க மேலே நிறைய இலை வேண்டும், அந்த இலைகளுக்குத் தண்ணீர் அனுப்பக் கீழே நிறைய வேர் வேண்டும். தட்டையான தொட்டி வேரையே கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் கன்றை முதலில் பெரிய தொட்டிக்கோ தரைக்கோ மாற்றி, சில வருடம் அதன் போக்கில் வளர விடுங்கள். வேண்டிய பருமன் வந்ததும் தண்டைத் தாழ்வாக வெட்டுங்கள். கீழிருந்து வரும் துளிர்களில் ஒன்றை மட்டும் புது உச்சியாக விட்டால், அடி பருத்து நுனி மெலிந்த அந்த முதிய மரத் தோற்றம் மெல்ல வரும். வெட்டியதும் பால் கொட்டும், கையெல்லாம் பிசுபிசுக்கும், ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். மொட்டையாக வெட்டினாலும் ஆல் துளிர்த்துவிடும். பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களிடம் இந்த வேலை வேண்டாம். பச்சை இலை மிஞ்சாமல் வெட்டிய கிளை அங்கே பெரும்பாலும் காய்ந்தே போகும்.

தட்டையான தொட்டி கடைசிக் கட்டம்தான். அப்போது வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை நாலாபக்கமும் விரித்து, அடித்துளை வழியாகக் கம்பி கோத்து மரத்தைத் தொட்டியோடு கட்டுங்கள். மரம் ஆடினால் புது வேரின் நுனி அறுந்துகொண்டே இருக்கும். மண் கரகரப்பாக இருக்கட்டும். செங்கல் பொடியை 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்து, தூளை ஒதுக்கிவிட்டால் போதும். புதுத் துளிர் வரும்வரை நிழலில் வையுங்கள், உரம் வேண்டாம்.

தண்ணீருக்கு மணிக்கணக்கு கிடையாது. ஒரு மரக்குச்சியை மண்ணில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரமாக வந்தால் அப்போது தண்ணீர் வேண்டாம். ஊற்றும்போது அடித்துளை வழியே வழியுமளவுக்கு ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் அடிவேர் காயும்.

கிளையை வளைத்து உருவம் கொடுக்கக் கம்பி சுற்றுவதில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, பெரும்பாலும் கத்தரிக்கோலை வைத்தே உருவத்தைக் கொண்டுவந்துவிடுவேன். நீங்கள் சுற்றினால் அலுமினியக் கம்பி, கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, 45 பாகைச் சாய்வு. வேகமாக வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். பட்டைக்குள் கம்பி பதிந்துவிட்டால் அந்தத் தழும்பு வருடக்கணக்கில் போகாது. பதிந்த கம்பியைச் சுழற்றி எடுக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

இப்படி வெட்டுவது மரத்துக்குக் கொடுமை இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் 1625 முதல் போன்சாயாகப் பராமரிக்கப்படும் ஒரு வெண் பைன் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய மரம். 1976இல் ஜப்பானிலிருந்து அன்பளிப்பாகப் போனது. வெட்டு ஆயுளைக் குறைப்பதாக இருந்தால் அது இத்தனை தலைமுறை கண்டிருக்காது.

அப்புறம், வீட்டுக்குள் வைப்பது. வெளிச்சமான ஜன்னலோரம் இருந்தால் ஆல் சமாளிக்கும், ஆனால் வெயிலில் இருக்கும் மரம்போல் செழிக்காது. வெளியே வளர்த்து, விருந்தாளி வரும்போது ஓரிரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டுவதுதான் என் வழக்கம்.