வீட்டில் காய்ச்சிய பியரை 19 லிட்டர் கெக்கில் (மூடியுள்ள உலோகப் பீப்பாய்) ஊற்றியிருக்கிறேன். கேஸ் ஏற்ற எது நல்ல வழி?

முதலில் கெக்கை ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர விடுங்கள். சூடான பியரில் கார்பன் டை ஆக்சைடு சரியாகக் கரையாது. வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்தால் பொங்குமே, அதே கதைதான்.

3 டிகிரி செல்சியஸில், வாயு சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 12 பி.எஸ்.ஐ.யில் (அழுத்தத்தின் அலகு) வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒன்றரை, இரண்டு வாரத்தில் லிட்டருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதற்கு மேல் ஏறாது. என் ஓட்டு இதற்கே.

பொறுமை இல்லையா? 30 பி.எஸ்.ஐ.யில் ஒரு நாள் வைத்து, கெக்கின் அழுத்தம் விடும் வால்வைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றி, 12-க்கு இறக்குங்கள்.

30-இல் வைத்துக்கொண்டே கெக்கை உருட்டினால் சில நிமிடத்தில் ஏறிவிடும், ஆனால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது. ஒருமுறை உருட்டிவிட்டு முக்கால் கிளாஸ் நுரையைத்தான் குடித்தேன்.