முகூர்த்த நாளில் வீட்டில் இல்லாதவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் தவில் படித்தவன். இப்போது பக்கத்து ஊர் நாயனக்காரர் (நாகஸ்வரக்காரர்) செட்டில் வாசிக்கிறேன். கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகிறது. ஆடி பிறந்ததிலிருந்து வேலை குறைவு. வைகாசியிலும் ஆனியிலும் வந்த பணத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம். இந்த மாதத்தை நீங்கள் எப்படிக் கழிக்கிறீர்கள் என்று எழுத முடியுமா?

இன்னொரு விஷயம். ஆவணியில் என் மச்சினிக்குக் கல்யாணம். அதே முகூர்த்தத்துக்கு எங்கள் செட் சித்திரையிலேயே அட்வான்ஸ் வாங்கிவிட்டது. என் பங்கும் என் கைக்கு வந்து செலவாகிவிட்டது. மனைவி ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தால் லீவாவது போட்டிருக்கலாம் என்கிறார் மாமனார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு தவில்காரன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சங்கரன்கோவிலில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் என் நாயனத்துக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்து, "இதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வைகாசியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மயிலாடுதுறையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நான் தை மாதமே வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். தங்கை மகளுக்கு வரன் அமைந்தது மாசியில். மாப்பிள்ளை வீட்டுக்குத் தோதுப்பட்டது அந்த ஒரே தேதிதான். வேறு நாயனத்தை அனுப்பியிருக்க முடியாதா என்று கேட்டால், முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெரிய வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம் இருந்தது. ஒரு தடவை ஆள் மாறினால் மொத்தமும் கைமாறிவிடும் என்று பயந்தேன். மனைவியும் மகளும் சீர்த்தட்டோடு சங்கரன்கோவில் போனார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் என் சித்தப்பா மகன் நின்று மாலை எடுத்துக் கொடுத்தான்.

ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம், இரண்டு ஊரிலும். மயிலாடுதுறையில் ஐயர் கையைத் தூக்கிக் 'கெட்டிமேளம்' என்றதும் இரண்டு தவிலும் இடி மாதிரி இறங்கின. நானும் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, பிடித்து நின்றேன். அந்த நேரத்துக்கு அங்கேயும் தாலி ஏறிக்கொண்டிருக்கும் என்று தெரியும். தப்பில்லாமல் வாசித்தேன். பிறகு மண்டபத்துப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே உங்கள் மாமனார் சொல்வதில் தப்பில்லை. ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கும். நல்ல நாள் என்பது ஊர் முழுக்க ஒரே நாள். ஊரில் கல்யாணம் நடக்கிற அன்றைக்குத்தான் நம் சொந்தத்திலும் கல்யாணம் நடக்கும். பஸ் ஓட்டுபவருக்குத் தீபாவளி வேலை என்றால் அது வருடத்தில் ஒரு நாள். நமக்கு வருடம் பூராவும் எல்லா நல்ல நாளும் அப்படித்தான். நம் மனைவிமார் கல்யாண வீடுகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவர் வரலையா?" என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் சொல்கிறார்கள். உங்கள் மனைவி பேசாமல் இருப்பதற்குக் காரணம் கோபம் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சரி, ஆடிக்கு வருகிறேன். ஆடியை வேலை இல்லாத மாதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இந்த ஆடியில் ஐந்து இடம். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காவடி, பக்கத்தூரில் ஒரு தீமிதி, ஒரு சிவன் கோயிலில் ஆடிப்பூரம், கடைசியாகச் சங்கரன்கோவில் ஆடித்தபசில் ஒரு மண்டகப்படி. ஐந்தும் சேர்ந்து வைகாசியில் இரண்டு முகூர்த்தத்துக்கு வந்த பணம்தான். தீமிதி நடத்தியவர்கள் பேசிய தொகையில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கிக்குச் செலவு கூடிவிட்டதாம். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. தவில்காரருக்கும் தாளத்துக்கும் பேசியதைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆடிப்பூரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சின்னக் கோயில். அம்பாளுக்கு வளையல் சாத்தி முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் புறப்பாடு. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை வாசித்துக்கொண்டு கோபுர வாசலைத் தாண்டினோம். பின்னால் நாற்பது பேர் வந்திருந்தால் அதிகம். கீழ வீதி முனையில் ஜெனரேட்டர் வண்டி நின்றுபோனது. அதைச் சரிபண்ணும் வரை பல்லக்கை இறக்கி வைத்துவிட்டார்கள். தீவட்டி வெளிச்சம் மட்டும்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, நான் காம்போதி ராகத்தை எடுத்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். ராகம் மேலிருந்து இறங்கி வரும்போது நிஷாத ஸ்வரத்தில் கொஞ்சம் நின்றேன். திண்ணையில் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ராகம் முடிந்ததும் அவர் தவிலில் மட்டும் வாசித்த தனி இருபது நிமிஷம். அதற்குள் வண்டி சரியாகி லைட்டும் வந்துவிட்டது. ஆனாலும் பல்லக்குத் தூக்குபவர்கள் அவர் முடிக்கும்வரை தூக்கவில்லை.

வைகாசியில் பதினோரு முகூர்த்தம் வாசித்தேன். ஒன்றில்கூட ஒரு ராகத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் விட்டு வாசிக்க முடியவில்லை. மாப்பிள்ளை அழைப்பென்றால் கார் வந்ததும் நிறுத்த வேண்டும். முகூர்த்தத்தில் ஐயர் கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். நலங்கில் யாராவது சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்புவார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, ஆசையோடுதான் வாசிக்கிறேன். ஆனால் பாதியில் வெட்டி வெட்டியே வாசிக்கும்போது, ராகம் எங்கே போய் நிற்கும் என்பதை விரல் மறக்க ஆரம்பிக்கிறது. ஆடியில்தான் அது திரும்பக் கிடைக்கிறது. சம்பளம் குறைந்த இந்த ஐந்து ராத்திரியை விட்டால் ஆவணியில் கல்யாண வீட்டில் வாசிக்க என்னிடம் புதிதாக ஒன்றும் இருக்காது. சின்னக் கோயில் கச்சேரியை, பெரியது கிடைக்கும்வரை ஒப்பேற்றும் வேலையாக நினைத்து வாசிக்காதீர்கள் தம்பி. உங்கள் தனி வளர்வது அங்கேதான்.

சாமான்களுக்கும் ஆடிதான் தோது. ஒரு நாள் நரசிங்கம்பேட்டைக்குப் போய் நாயனத்தைக் காட்டிவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஊர். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரக் கட்டைகளைத் தேடி வாங்கி வைத்திருப்பார்கள், மரம் அத்தனை வருடம் காய்ந்திருக்க வேண்டும். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் காலத்துத் திமிரி என்ற குட்டை நாயனத்தில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது. அந்தக் குறை தீரும்படி நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி என்ற நீளமான நாயனம் செய்து கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான். பிள்ளை என்றாலே தோடி ராகம்தான், நம் காதில் விழும் ஒவ்வொரு தோடியிலும் அந்த ஆசாரியின் கை இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு. திரும்பும் வழியில் திருவாவடுதுறையில் சீவாளி வாங்கிக்கொண்டேன். உங்கள் தவிலையும் தோல் மூட்டக் கொடுப்பதென்றால் இப்போதே கொடுத்துவிடுங்கள், ஆவணி பிறந்துவிட்டால் ஆள் கிடைக்காது. விரலில் மாட்டுகிற கூடும் கூடுதலாக ஒரு செட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் பெருக்குக்கு எல்லோரும் வீட்டில் இருந்தோம். அம்மா கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்தார். காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடியது. மகள் காதோலை கருகமணியை வாழை இலையில் வைத்து விட்டாள். அது வளைவு திரும்பும் வரை கரையிலேயே ஓடினாள். இதைக்கூட நான் ஆடியில்தான் பார்க்க முடிகிறது.

அப்புறம் சங்கரன்கோவில். மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் கும்பகோணத்தில் ஏறினோம். நாயனத்தின் அடியில் இருக்கும் விரிந்த அணசைக் கழற்றி வேட்டியில் சுற்றி, நாயனத்தை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா, மனைவி, மகள், நான் என்று நால்வரும் சேர்ந்து ரயிலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. விருதுநகர் தாண்டுவதற்குள் கொண்டுபோன புளியோதரை தீர்ந்துவிட்டது.

மண்டகப்படிக்குத் தவில் அந்தப் பக்கத்து ஆள். முன்பின் பார்த்ததில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அறிமுகம், ஏழு மணிக்கு வாசிப்பு. முதல் கீர்த்தனையில் ஒருவரை ஒருவர் எடை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவதில் நான் எங்கே மூச்சு விடுவேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோமதி அம்மன் தவமிருந்து சிவனையும் திருமாலையும் ஒரே உருவமாகப் பார்த்த இடம் அது. தபசுக்கு ஜனம் நெரித்தது. எங்கள் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒரு பெரியவர், சின்னப் பையனாக நாகஸ்வர மேதை காருகுறிச்சியாரை நேரில் கேட்டவர். காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் போய்விட்டார். பெரியவர் இன்னும் அந்த வாசிப்பைக் கையால் காற்றில் போட்டுக் காட்டுகிறார். என் வாசிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை எழுந்து போகாமல் இருந்தார், எனக்கு அது போதும்.

தங்கை மகள் ஆடிக்குத் தாய் வீடு வந்திருந்தாள். முதல் இரண்டு நாள் என்னிடம் சிரித்தாள், சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. கல்யாண ஆல்பத்தை அவளே காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், தங்கைதான் எடுத்து வந்தாள். மாலை எடுத்துக் கொடுக்கும் படத்தில் சித்தப்பா மகனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிக்குப் போனேன். உங்கள் கடிதம் வந்தது அப்போதுதான். தவில் இல்லை, செல்போனில் சுருதியை வைத்துக்கொண்டேன். ஊர்க் கல்யாணங்களில் நலங்குக்கு நான் வாசிக்கும் ஆனந்த பைரவியை வாசித்தேன். மூடிய இடமென்றால் நாயனம் காதை அடைத்துவிடும், மாடியில் அது தெரு முழுக்கப் போனது. எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவள் படியேறி வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள். முடித்ததும், "இதை அன்னிக்கே வாசிச்சிருக்கலாம்ல மாமா" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? இன்னும் ஒன்று வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். புது டைரியில் ஆவணிக்கும் தைக்கும் வைகாசிக்கும் தலா ஒரு முகூர்த்தத்தைச் சுழித்து மனைவியிடம் கொடுத்துவிட்டேன். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் முக்கியம் என்று அவள் சொன்ன பிறகுதான் மற்ற தேதிகளுக்கு வெற்றிலை பாக்கு வாங்குவேன். இதனால் வருமானம் குறையும், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

இனி உங்கள் விஷயம். கடிதத்தில் முகூர்த்தத் தேதியை எழுதியிருந்தீர்கள், இங்கே அதை எடுத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் செட்டுக்கு வேலை இல்லை. காம்போதிக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்றேனே, பதினாறு வருடமாக என்னோடு வாசிக்கும் அந்தத் தவில்காரரிடம் கேட்டேன். உங்களுக்குப் பதில் அவர் வருகிறேன் என்கிறார். வாங்கிய அட்வான்ஸை உடனே தர வேண்டாம், ஐப்பசியில் கொடுத்தால் போதுமாம். உங்கள் நாயனக்காரரிடம் முதலில் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் பயந்த மாதிரி பயப்படாதீர்கள். தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கே இரண்டு பேரும் சேர்ந்து போய்விடுங்கள். மச்சினி கல்யாணத்துக்கு வாசிக்க வரும் மேளக்காரர்களைக் கடைசிப் பந்தி வரை காக்க வைக்காமல், முகூர்த்தம் முடிந்ததும் அவர்களுக்கு நீங்களே நின்று இலை போடுங்கள். அவர்களில் யாருக்காவது அன்றைக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்