நோர்வேத் தொழிற்சங்கத்துக்கும் கியூபாவுக்கும் என்ன தொடர்பு?

தம்பிக்கு,

ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், தொழிற்சங்கப் படிவம் கைக்கு வந்திருப்பதாகவும், ஆனால் கூட்ட அழைப்பில் சம்பளப் பேச்சுக்கு அடுத்ததாகக் கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் கண்டிக்கும் தீர்மானம் இருந்ததைக் கண்டு தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கையில் இவர்களுக்கு என்ன வேலை, இதில் பெயர் பதிந்தால் வதிவிட அனுமதிக்குப் பாதகம் வருமா என்ற உங்கள் இரண்டு கேள்விகளில் பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பாதகம் வராது. தொழிற்சங்கத்தில் சேர்வது இங்கே சட்டம் காக்கும் உரிமை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் சங்க உறுப்பினரா என்று விசாரிப்பதற்குக்கூட முதலாளிக்கு அனுமதி இல்லை. உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த குற்றத்துக்காக நாற்பதாயிரம் வரையான அரசாங்க ஊழியர்களை ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு வீட்டுக்கு அனுப்பிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்குச் சங்கம் என்ற சொல்லே ஆபத்தாகப் படுவதில் வியப்பில்லை.

முதல் கேள்விக்கு, 2007 ஜனவரியில் இதே ஒஸ்லோவில் நடந்த ஒரு சம்பவமே நல்ல பதில். சுற்றுலாக் கண்காட்சிக்கு வந்த கியூபக் குழுவொன்று, முன்பும் தங்கிய ஸ்காண்டிக் எடெர்கொப்பன் விடுதியில் அறை கேட்டது. இடையில் ஸ்காண்டிக் நிறுவனம் அமெரிக்காவின் ஹில்டனுக்குக் கைமாறியிருந்தது. அமெரிக்கச் சட்டப்படி கியூபர்களுக்குச் சேவை வழங்க முடியாது என்று சொல்லி அறை மறுக்கப்பட்டது. நோர்வே மண்ணில், நோர்வே அரசு அனுமதியுடன் வந்த விருந்தினருக்கு, நோர்வேயின் சட்டப்படி நடத்தப்பட வேண்டிய விடுதியில், வேறொரு நாட்டின் சட்டத்தைக் காட்டிக் கதவு அடைக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ஐ.நா. பொதுச்சபையில் நோர்வே உட்பட 183 நாடுகள் அந்தத் தடையை நீக்கும்படி வாக்களித்திருந்தன. எதிர்த்தவை நான்கே நாடுகள்.

இந்த இடத்தில்தான் தொழிற்சங்கம் உள்ளே வருகிறது. தேசம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பு என்ற கட்டளை மேலிருந்து வந்தாலும், வரவேற்பு மேசையில் நின்று அதை நிறைவேற்ற வேண்டியவர் ஒரு தொழிலாளி. உள்ளூர்ச் சட்டம் பாகுபாடு காட்டாதே என்கிறது, முதலாளி காட்டு என்கிறார். இடையில் அகப்படுபவர் அவர். நகராட்சி ஊழியர்களின் பெரிய சங்கமான ஃபாக்ஃபோர்புண்டெ ஸ்காண்டிக் விடுதிகளைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. மாநாடுகளுக்கும் பயிற்சிகளுக்கும் ஆண்டு முழுவதும் அறை எடுக்கும் சங்கம் அது என்பதால், அந்த அறிவிப்பு வெறும் கண்டன அறிக்கையோடு நிற்கவில்லை, கணக்குப் புத்தகத்தையும் தொட்டது. 1962இல் கென்னடி முழுமையாக்கிய தடை, 1996இல் அமெரிக்கா இயற்றிய ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தின் மூலம் மூன்றாம் நாட்டு நிறுவனங்களையும் மிரட்டத் தொடங்கிய பிறகு, அதை "வெளிநாட்டு விவகாரம்" என்று ஒதுக்கிவைக்க இங்குள்ள தொழிலாளர்களால் முடியாமற் போயிற்று என்பதே என் எண்ணம்.

சங்கத்துக்குள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு புறம் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் காப்பிப் பிளாஸ்க்கும் இருக்கும். மறுபுறம் இப்படியான தீர்மானம் வந்ததும், "இரவுப் பணிக்கு ஆள் போதவில்லை, அதைப் பேசி முடித்துவிட்டுக் கியூபாவுக்குப் போவோம்" என்று எழுந்து சொல்லும் மூத்த தாதியும் இருப்பார். அவருடைய எதிர்ப்பு அறிக்கைப் புத்தகத்தில் ஏறும். மறுநாள் அவருடைய வேலைக்கு ஒன்றும் ஆகாது. 2017இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான எல்.ஓ.வின் மாநாடு இஸ்ரேலைப் புறக்கணிக்க வேண்டுமென முடிவெடுத்தபோதும் ஆதரவு 197, எதிர்ப்பு 117. கூட்டமைப்பின் தலைமையே அந்த முடிவை விரும்பவில்லை, அரசாங்கமும் வெளிப்படையாகக் கண்டித்தது. தலைவர் சொன்னால் கை உயர்த்துவதே சங்கம் என்று கண்டு பழகிய நாங்கள் இதைப் பார்த்துப் பழகச் சிறிது காலம் எடுக்கும்.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அமெரிக்கத் தடையைக் கண்டிக்கும் அதே தீர்மானங்கள், கியூபாவில் அரசு ஏற்ற ஒரே கூட்டமைப்புக்கு வெளியே சுதந்திரமான சங்கம் அமைக்க இடமில்லை என்பதைப் பல வேளைகளில் சொல்லாமல் கடந்துபோகின்றன. வல்லரசைக் கேள்வி கேட்கும் துணிவு சங்கத்துக்கு இருக்கும்போது, அந்த வல்லரசின் எதிரியான கியூப அரசையும் கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. தடையால் மருந்தும் உதிரிப்பாகமும் கிடைக்காமல் வாடுபவரும், தனிச் சங்கம் அமைக்க முடியாமல் இருப்பவரும் ஒரே கியூபத் தொழிலாளிதான்.

ஆகவே படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். சந்தா சம்பளத்திலேயே கழியும், ஒரு வரம்பு வரை வரிச்சலுகையும் உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவிலோ வேலை ஒப்பந்தத்திலோ சிக்கல் வந்தால் உங்களுக்காக முதலில் பேசப்போவதும் சங்கத்தின் பிரதிநிதிதான். அடுத்த கூட்டத்தில் கியூபத் தீர்மானம் வந்தால், கை உயர்த்துவதற்கு முன் அங்குள்ள சங்க உரிமையைப் பற்றி ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். நோர்வே மொழி இன்னும் கைவரவில்லை என்றால் ஆங்கிலத்தில் கேட்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.