மொய்ப் பட்டியலின் மேல் வேறொன்றைச் சேமித்துவிட்டால் பழையது கிடைக்குமா?

அதே பெயரில் புதியதைச் சேமிப்பதுதான் மேலெழுதல். பழையது இருந்த இடத்தைக் கணினி காலி என்று குறித்துவிடும். அடுத்து எழுதுவது அதில் விழலாம். காரைக்குடி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் புதுக்கோலம் போடுவதுபோல. நேற்றைய கோலம் வேண்டுமென்றால் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கோப்பு இன்னும் திறந்திருந்தால் மூடவே மூடாதீர்கள். கன்ட்ரோல், இசட் சேர்த்து அழுத்துங்கள். வேர்டு, எக்ஸெல்லில் சேமித்த பிறகும் பின்னோக்கிப் போகலாம். மூடியாயிற்றா? கூகுள் ஷீட்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி. விண்டோஸில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ். கோப்புகளைத் தானாகப் பிரதியெடுத்து வைக்கும் ஃபைல் ஹிஸ்டரி வசதியை முன்பே இயக்கியிருந்தால் பழைய பிரதி அங்கே இருக்கும்.

இனி 3 பிரதிகள் வையுங்கள்: 2 வகைச் சாதனங்களில், 1 வெளியூர் உறவினர் வீட்டிலோ இணையத்திலோ.

ரீசைக்கிள் பின்னில் தேடாதீர்கள். அழித்த கோப்புதான் அங்கே போகும், மேலெழுதியது போகாது.