பெண் உறுப்புச் சிதைப்பு: பாளையங்கோட்டையில் வந்த கேள்விகள்

பாளையங்கோட்டையில் பெண் குழந்தைகள் பாதுகாப்புக்காக நடந்த பயிற்சியில், ஆசிரியைகளும் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பிறரும் பெண் உறுப்புச் சிதைப்பு பற்றிச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்குச் சமூகப் பணியாளராக நான் அளித்த பதில்கள் இவை.

ஆசிரியை, அம்பாசமுத்திரம்: அக்கா, ஆண் பிள்ளைகளுக்குச் செய்யும் சுன்னத்தைப் போன்றதுதானே இதுவும்?

இல்லை. ஆண் பிள்ளைக்கு முன்தோல் மட்டுமே நீக்கப்படுகிறது. இங்கே, பெண் பிறப்புறுப்பில் உணர்ச்சி நரம்புகள் செறிந்த சிறு உறுப்பான கிளிட்டோரிஸின் ஒரு பகுதியோ முழுவதுமோ வெட்டப்படுகிறது. சோமாலியா, சூடான் போன்ற நாடுகளில் பிறப்புறுப்பின் இதழ்களையும் வெட்டி, சிறுநீரும் மாதவிலக்கும் வெளியேற ஒரு சிறு துளை மட்டும் விட்டுத் தைத்துவிடும் வழக்கமும் உண்டு. இரத்தப்போக்கு, கிருமித் தொற்று, பிரசவத்தில் சிக்கல், ஆண்டுக்கணக்கில் நீளும் மனவேதனை ஆகியவை இதனால் வருபவை. உடலுக்கு நன்மை ஒன்றுகூட இல்லை. யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இதற்கு ஆளாகி இன்று உயிருடன் இருக்கும் பெண்கள் 23 கோடிக்கும் மேல்.

கல்லூரி மாணவி, கடையநல்லூர்: இது மார்க்கக் கடமை என்று சிலர் சொல்கிறார்களே?

குர்ஆனில் இது சொல்லப்படவில்லை. இஸ்லாமுக்கு முன்பே இருந்த வழக்கம் இது. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறித்தவக் குடும்பங்களிலும் காணப்படுகிறது. எகிப்தில் ஒரு சிறுமி இதனால் இறந்ததையடுத்து, 2007இல் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அந்நாட்டின் தலைமை முஃப்தி அலி கோமா இது தடுக்கப்பட்ட செயல் என்று அறிவித்தார்.

அங்கன்வாடிப் பணியாளர், முக்கூடல்: பெற்ற தாயே இதற்கு எப்படித் துணிகிறாள்?

மகள் நன்றாக வாழவேண்டும் என்றுதான் துணிகிறாள். வெட்டப்படாத பெண்ணை யாரும் மணக்கமாட்டார்கள், ஊர் ஒதுக்கிவைத்துவிடும் என்ற அச்சம் அவளுக்கு. இந்த அச்சத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். குழந்தைத் திருமணம் பற்றிப் பேசுவதற்காக ஒரு பிற்பகல் பீடி சுற்றும் பெண்களோடு திண்ணையில் அமர்ந்திருந்தேன். மடியில் தட்டை வைத்து இலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு தாய், கை நிற்காமலேயே சொன்னார்: “எல்லாரும் நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்க்கா. நான் மட்டும் நிறுத்துனா எம்பிள்ளைதான வீட்டுல இருக்கும்?” 

தடுப்புப் பணி முழுவதற்கும் இதுவே சாவி என்பது என் எண்ணம். தாயைக் குற்றவாளியாக்கிப் பேசினால் வழக்கம் மறைவிடத்துக்குப் போகும்; குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்தால், தனியாக நிற்கும் அச்சம் விலகும். செனகலில் தோஸ்தான் அமைப்பின் வகுப்புகளில் தங்கள் உடலைப் பற்றியும் உரிமைகளைப் பற்றியும் படித்த மாலிகுண்டா பம்பாரா ஊர்ப் பெண்கள், 1997இல் இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக ஊரறிய அறிவித்தார்கள். பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் பிற ஊர்களும் உடன் வந்தால்தான் அது நிலைக்கும் என்பதால் அண்டை ஊர்களுக்கும் அப்பேச்சு கொண்டுசெல்லப்பட்டது. சம்பந்தம் பேசும் ஊர்களையெல்லாம் சேர்த்து யோசித்த அந்த அறிவு, எத்தனை துண்டறிக்கை அச்சிட்டாலும் வராது.

வழக்கறிஞர், திருநெல்வேலி: இந்தியாவில் சட்டம் உண்டா?

தனிச்சட்டம் இல்லை. முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தில் ஏறத்தாழ ஏழு வயதில் செய்யப்படும், கத்னா எனப்படும் இவ்வழக்கத்தை எதிர்த்து 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது; 2018இல் அது கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் தீர்ப்புக்காகக் காத்திருக்கவேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

செவிலியர், வள்ளியூர்: இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது அக்கா. அங்கே என் பொறுப்பு என்ன?

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமி தனக்கு இது நடந்ததாகச் சொன்னாலோ, அதன் அடையாளத்தை நீங்களே கண்டாலோ, காவல்துறைக்கு நீங்களே தெரிவிக்கவேண்டும் என்பது 2015 முதல் அங்கே செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் சட்டக் கடமை. பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம், கணவரோ மாமியாரோ அருகில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். மொழிபெயர்க்க உறவினரை வைத்துக்கொள்ளாதீர்கள். “சிதைப்பு” என்ற சொல்லை அவரிடம் சொல்லவேண்டாம். சிறு வயதில் அந்த இடத்தில் ஏதேனும் வெட்டினார்களா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அவராகப் பேசும்வரை பொறுத்திருங்கள். அவருக்கு இது நடந்திருந்து, பிறந்தது பெண் குழந்தை என்றால், தாயும் சேயும் வீடு திரும்புமுன் மருத்துவமனையின் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள்.